கடைசி வரி இல்லாத பக்கங்கள்

சோதனைக் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்ட அந்த அம்மா, நாகஜோதி நீட்டிய அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு உடனே திருப்பிக் கொடுத்தார்.

“இதுல என்னத்தா இருக்கு… ஒண்ணோட ஒண்ணு ஒட்டாத வார்த்தையா இருக்கு. எம்போன்ல கதை வச்சிருக்கேன். அதைப் படிச்சுப் பாக்கட்டுமா?”

“படிங்கம்மா. எழுத்து நோகாமத் தெரியணும். அம்புட்டுத்தேன்.”

கம்பத்துக் கடைவீதியில் இருந்தது அந்த மூக்குக்கண்ணாடிக் கடை. டாக்டர் எழுதிக் கொடுத்த பவரைப் போட்டுப் பார்ப்பதும், முகத்துக்கு ஏற்ற பிரேமை எடுத்துக் கொடுப்பதும் நாகஜோதியின் வேலை. நாளெல்லாம் பிறர் கண்களையே பார்த்துக்கொண்டிருப்பவள். வெளியே ஆனி மாதத்துச் சாரல்… பெய்கிறதா, சும்மா காற்றில் மிதக்கிறதா என்று தெரியாத சாரல். கண்ணாடிக் கதவெல்லாம் வேர்த்திருந்தது.

அந்த அம்மா போனைத் தூக்கிப் பிடித்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை போலச் சத்தமாக வாசித்தார்.

“‘மழை வலுத்தது. அவன் குடையை நீட்டினான். அவள் வாங்கவில்லை…’”

நாகஜோதியின் விரல்களில் இருந்த லென்ஸ் நழுவப் பார்த்தது.

அது அவள் வரி. அவள் எழுதிய வரி. கோம்பையில் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, யாருக்கும் தெரியாமல், ‘முல்லைச்சாரல்’ என்ற புனைபெயரில் அவள் எழுதி மின்நூலாகப் போட்ட கதை. வெளியூர்க்காரர்கள் யாரோ வாங்குவார்கள், எங்கேயோ படிப்பார்கள் என்றுதான் இதுவரை நினைத்திருந்தாள். இப்படி ஒரு குரலில், இத்தனை பக்கத்தில்… கேட்டதே இல்லை.

“‘நான் நனைவதென்று…’ அம்புட்டுத்தேன். பக்கம் முடிஞ்சிருச்சு.”

“அடுத்த பக்கம் போங்கம்மா.”

“போனாலும் இந்த வரி வராது தாயி. எல்லாப் பக்கத்துலயும் கடைசி வரி மட்டும் இருக்காது. நாங்களாப் போட்டுக்கிறது. எங்ககூட வேலைக்கு வர்ற ஞானசெல்வி, ‘குடையைப் பிடுங்கித் தூர எறிஞ்சா’ங்கிறா. நான், ‘சளி பிடிச்சா யாரு பாக்கிறது, பேசாம வாங்கிக்கிட்டா’ன்னு சொல்லிருக்கேன்.”

“அப்படி இல்லம்மா.” நாகஜோதி தன்னை மறந்து சொன்னாள். “‘நான் நனைவதென்று முடிவு செய்துவிட்டேன். நீயும் நனைவதானால் வா என்றாள்.’ அதுதேன் அந்த வரி.”

அந்த அம்மாவோடு வந்து, வாசலோரம் நின்று தலையைத் துவட்டிக்கொண்டிருந்தவன் திரும்பினான்.

இமைகளில் இன்னும் சாரல் ஒட்டியிருந்தது. அதைத் துடைக்கவும் தோன்றாமல் அவளையே பார்த்தான். கண்ணாடி எதுவும் தேவைப்படாத கண்கள்… ரொம்ப தூரத்தில் வரும் வளைவையும் பார்த்துப் பழகிய கண்கள். அவள் பார்வையை எடுத்துக்கொள்ளக் கொஞ்சம் நேரமாயிற்று. அதற்காகவே அவன்மேல் கோபம் வந்தது.

“அந்த வரி ஒங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டான்.

“நானும் அந்தப் புத்தகத்தைப் படிச்சிருக்கேன்.” குரலைச் சமன்செய்துகொண்டாள். “அது மின்நூலுல்ல? இங்கன படமா இருக்கு. யாரு இப்படி ஆக்குனது?”

“நாந்தேன்.”

“யாரைக் கேட்டு?”

“யாரைக் கேக்கணும்? திருடல. வாங்கித்தேன் மாத்துனேன்.”

“வாங்குனது நீங்க ஒருத்தர். இப்ப படிக்கிறது?”

“எங்க ஜீப்பு முழுக்க.” அவன் கொஞ்சம்கூட அசரவில்லை. “அம்மாவும் அவுக கூட்டாளிகளும் மலை ஏறி ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போறவுக. நாந்தேன் கூட்டிட்டுப் போயி கூட்டியாரேன். அவுக போன்ல இந்தப் புத்தகம் தொறக்காது. அதுக்குன்னு தனி ஆப்பு வேணும். அதை ஏத்த எடம் இருக்காது. படம்னா எந்த ஓட்டைப் போன்லயும் தெரியும். மலைக்கு மேல டவர் இல்லேன்னாலும் தெரியும். இன்டர்நெட்டுல ஒரு சைட்டு இருக்கு. பைலை ஏத்துனா பக்கம் பக்கமா படமாக்கிக் குடுத்துரும்.”

“கடைசி வரியைத் தின்னுட்டு.”

“ஓசியில செஞ்சு குடுக்கிறவன் பக்கத்துக்கு ஒரு வரி கூலி எடுத்துக்கிறான் போல.”

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை… சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“ஒங்களுக்கு வெளையாட்டா இருக்கு. எழுதுறவ ஒரு வரிக்காக எம்புட்டு நேரம் முழிச்சுக்கிட்டு ஒக்காந்திருப்பான்னு தெரியுமா? ‘வா’ன்னு போடவா, ‘வாயேன்’னு போடவான்னு…” சட்டென்று நிறுத்தினாள்.

அவன் சிரிப்பும் நின்றது.

“கண்ணாடி எப்ப வாங்கிக்கிறது?” என்று மட்டும் கேட்டான்.

“ரெண்டு நாள் கழிச்சு வாங்க. பேரு?”

“அம்மா பேரு சோணையம்மா. எம்பேரு சூரியபிரகாஷ்.”

“அம்மா பேரு போதும்,” என்றாள் நாகஜோதி.

*

கோம்பைக்குப் போகும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்தாள். திராட்சைப் பந்தல்கள் நனைந்து கிடந்தன. கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் கோபத்துக்கு அடியில் வேறு ஏதோ ஒன்று இனித்துக்கொண்டிருந்தது. ஏலத்தோட்டத்து ஜீப்பில் பெண்கள் சண்டை போடுகிறார்களாம்… என் வரிக்காக.

வீட்டில் இதைச் சொல்ல முடியாது. கல்லூரி மலரில் அவள் எழுதிய ஒரு காதல் கதையைப் பார்த்துவிட்டு அண்ணன் ராஜபாண்டி அன்றைக்குப் பண்ணிய ரகளை இன்னும் காதில் இருந்தது. “நம்ம வீட்டுப் பொம்பளைப் புள்ள எழுதுற எழுத்தா இது? படிக்கிறவன் என்ன நெனைப்பான்?” அப்பா சுருளிவேல் திட்டவில்லை. “இனிமே வேண்டாம்மா,” என்று ஒரே வார்த்தைதான் சொன்னார். அந்த ஒரு வார்த்தையிலிருந்து தப்பிக்கத்தான் முல்லைச்சாரல் பிறந்தாள்.

கண்ணை மூடினால் சாரல் ஒட்டிய இமைகள் வந்தன. சே, என்ன இது… கதையைத் திருட்டுத்தனமாகப் படமாக்கியவனை நினைத்துக்கொண்டு. ஜன்னல் கண்ணாடியை இழுத்துச் சாத்தினாள்.

*

சொன்ன நாளில் அவன் மட்டும் வந்தான். கடைக்காரர் சாப்பிடப் போயிருந்த நேரம்.

“ஒண்ணு சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்,” என்றான். “நீங்க அன்னைக்குக் கேட்டது சரிதேன். கேக்காம மாத்துனது தப்பு. எல்லாத்தையும் அழிச்சிர்றேன். ஆனா ஒண்ணு… எழுதுனவுக வாயால ‘அழி’ன்னு சொல்லணும்.”

“அவுகளை எங்கன போய்ப் பிடிப்பீங்க?”

“தெரியல. நீங்கதேன் கண்டுபிடிச்சுக் குடுக்கணும்.”

அவன் முகத்தில் கேலி இல்லை. அதுதான் அவளைத் தடுமாற வைத்தது. கண்ணாடிப் பெட்டியைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைக்க அதில் ஒன்றுமே இல்லை.

“அழிக்க வேண்டாம்,” என்றாள் கடைசியில். “கெடுத்து வச்சிருக்கிறதை ஒழுங்கா ஆக்குங்க. முழு வரியோட.”

“எனக்கு வந்த லட்சணத்தைத்தேன் பாத்தீங்களே.”

“பைலைக் குடுங்க.”

கடையின் கணினியில் அவன் சொன்ன இன்னொரு தளத்தைத் திறந்தாள். கோப்பை ஏற்றினாள். ‘ஜேபிஜி’ என்று தேர்ந்தெடுத்தாள். திரையில் சின்னச் சக்கரம் சுற்றியது… சுற்றிக்கொண்டே இருந்தது. அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். மழையில் நனைந்த சட்டையும், அதில் ஏறியிருந்த பச்சை ஏலக்காய் வாசனையும்… அவள் சக்கரத்தையே கவனமாகப் பார்த்தாள்.

படம் வந்தது. இருவரும் சேர்ந்தே முகம் சுளித்தார்கள். ‘கேட்டாள்’ என்ற சொல்லில் கொம்பு தனியாக நின்றது. ககரம் தள்ளிப்போய் நின்றது. நடுவில் புள்ளி புள்ளியாய் ஒரு வெற்று வட்டம்.

“கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம்,” என்றான் அவன். “சண்டை போட்ட புருசன் பொண்டாட்டி மாதிரி. இப்ப யாரு எறங்கி வரணும்?”

“தப்புப் பண்ணவுக.”

“கொம்பா, எழுத்தா?”

“மாத்துன ஆளு.”

இந்த முறை அவளாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

வேறொரு தளம் பார்த்தார்கள். அது எல்லாப் பக்கத்தின் நடுவிலும் தன் பெயரைக் குறுக்கே எழுதியது. இன்னொன்று எழுத்துகளைக் கட்டம் கட்டமாக்கியது. நாகஜோதி யோசித்தாள். புத்தகக் கோப்புக்குள்ளேயே தமிழ் எழுத்துருவை வைத்து அனுப்பினால் அது தேடிக்கொண்டு அலையாதே… வைத்துப் பார்த்தாள். எழுத்து ஒட்டியது. ஆனால் கடைசி வரி பாதியாக அறுபட்டு வந்தது. பக்கத்தின் உயரத்தைக் கூட்டினான் அவன். “எழுத்தையும் பெருசாக்குங்க, அம்மாவுக்குக் கண்ணு வலிக்கக் கூடாது,” என்றாள் அவள். மவுசைப் பிடித்திருந்த அவன் கையின்மேல் அவள் விரல் பட்டது. இருவருமே கவனிக்காதது போல இருந்தார்கள்… அந்த விரல் விலகுவதற்கு ஒரு வினாடி அதிகமாகத்தான் ஆனது.

இப்போது முழுதாக வந்தது. கொம்பும் எழுத்தும் சேர்ந்து, அடியில் அந்த வரியோடு. அவன் அதைச் சத்தமில்லாமல் படித்தான்.

“இதை எழுதுனவுகளுக்கு ரொம்பத் தைரியம்.”

“எங்கன தைரியம்? பேரை மறைச்சுக்கிட்டுத்தான எழுதுறா.” சொல்லிவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள். “எழுதுறேன்.”

அவன் திடுக்கிடவில்லை. “எனக்கு அன்னைக்கே தெரியும்ங்க. படிச்சவுக கதையச் சொல்வாக. எழுதுனவுகதேன் வரியச் சொல்வாக.”

“யார்கிட்டயும் சொல்லிராதீங்க.”

“சொல்ல மாட்டேன். என்னைக்காவது நீங்களே சொல்வீங்கன்னு நெனைக்கிறேன்.”

அம்மாவின் கண்ணாடியை வாங்கிக்கொண்டு இறங்கிப் போனான். வாங்கிய கண்ணாடியில் என்ன பழுதோ… மறுநாள் ஒரு திருகு கழன்றது என்று வந்தான். அடுத்த வாரம் மூக்குப்பிடி உறுத்துகிறது என்று வந்தான். அதற்கடுத்த முறை காரணம் சொல்ல மறந்துபோய் வந்தான். அவளும் கேட்க மறந்துபோனாள்.

கதையின் அடுத்த பாகத்தில் புது அத்தியாயம் எழுதியதும் அவளே படமாக்கி அனுப்பினாள். மலையிலிருந்து இறங்கியதும் அவன் குரல்செய்தி வரும். பின்னணியில் ஜீப் உறுமும். “தோட்டத்துல மலையாளத்துச் சேச்சி ஒருத்தவுக இருக்காக. நம்மாளுக படிக்கிறதைக் கேட்டுட்டு, ‘பின்னே? பின்னே?’ன்னு என்னைப் போட்டுத் தொளைக்கிறாக. சீக்கிரம் எழுதுங்க. எனக்கு வேலை ஓடல.”

அதைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். சேச்சிக்காக இல்லை… ‘எனக்கு வேலை ஓடல’ என்று சொன்ன அந்தக் குரலுக்காக.

*

எல்லாம் ஒரு போட்டோவில் கலைந்தது.

அந்த வரியைச் சொன்ன பெண்ணைச் சோணையம்மாள் மறக்கவில்லை. ஒரு விடுமுறை நாளில் கூட்டாளிகளைக் கூட்டிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார். “இந்தப் புள்ளைதேன் எழுதுனது. நான் சொல்லல?” என்றார். நாகஜோதியால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. ஞானசெல்வி அவள் தோளில் கைபோட்டு ஒரு போட்டோ எடுத்து, ‘எங்க எழுத்தாளர்’ என்று எழுதி வாட்சப் ஸ்டேட்டஸில் வைத்தாள். அது உறவுக்காரர் ஒருவர் வழியாகக் கோம்பைக்கு வந்து சேர்ந்தது. கூடவே கதையின் பக்கங்களும், அதைப் படமாக்கிக் கொடுத்தது ஒரு ஜீப் டிரைவர் என்ற பேச்சும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் தேனியிலிருந்து அவளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. மாப்பிள்ளை ஆதித்தன், வங்கி வேலை. ராஜபாண்டி குதித்தான். போனைப் பிடுங்கினான். “எவன் இதைப் பரப்புறான்? அந்த ஜீப்புக்காரன்தான?” என்று வண்டியை எடுத்துக்கொண்டு கம்பத்துக்குப் போனான். நாகஜோதி கதவருகில் நின்றாள். அண்ணன் திரும்பி வரட்டும்… கேட்டால் நான்தான் என்று சொல்லிவிடுவது என்று அப்போதே முடிவெடுத்துவிட்டாள்.

ஆனால் அண்ணன் சிரித்த முகத்தோடு திரும்பி வந்தான்.

“ஒண்ணும் இல்லப்பா. விசாரிச்சுட்டேன். எழுதுனது இவ இல்லையாம். அந்தப் பொம்பளைக ஆள் மாறிச் சொல்லிட்டாகளாம். அந்த டிரைவரே சொல்லிட்டான். இவளுக்கும் அவனுக்கும் பேச்சே கெடையாதாம், கண்ணாடி வாங்குனதோட சரியாம். எல்லாத்தையும் எங்கண்ணு முன்னாடியே அழிச்சுட்டான்.”

போனைத் திருப்பிக் கொடுத்தான். அப்பா நாற்காலியில் சாய்ந்து மூச்சுவிட்டார். அம்மா ராமுத்தாய் காபி போடப் போனாள். வீடே நிம்மதியானது.

நாகஜோதிக்கு மட்டும் கன்னத்தில் அறை விழுந்தது போல இருந்தது.

தப்பித்துவிட்டாய், சந்தோஷப்படு என்றது மனம். ஏன் இப்படி எரிகிறது? அண்ணன் அழிக்கச் சொன்னது புதிதில்லை. ஆனால் அவன்… கொம்பையும் எழுத்தையும் சேர்த்து வைத்தவன், ‘இது அவள் எழுத்து இல்லை’ என்று எப்படிச் சொன்னான்?

மாடிக்குப் போய் அவனை அழைத்தாள்.

“என்ன சொன்னீங்க எங்கண்ணன்கிட்ட?”

“ஒங்க நல்லதுக்குத்தேன்ங்க… அவரு ரொம்பக் கோவமா வந்தாரு. ஒங்களுக்கு வீட்டுல பெரச்சனை வரக்கூடாதுன்னு…”

“நான் எழுதலைன்னு சொல்ல ஒங்களுக்கு யாரு உரிமை குடுத்தா? சொல்றதா இருந்தாலும் மறைக்கிறதா இருந்தாலும் அது நான் பண்ண வேண்டியது. எங்கண்ணன் எங்கதையை அழிச்சாரு. நீங்க என்னையவே அழிச்சுட்டீங்க.”

“நாகஜோதி…”

முதல்முறையாகப் பெயர் சொல்லி அழைத்தான். அந்த நேரத்தில்தானா அழைக்க வேண்டும்… அவள் போனை வைத்துவிட்டாள்.

*

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பஜ்ஜியும் காபியும் பேச்சுமாகப் போய்க்கொண்டிருந்தபோது, ஆதித்தனே கேட்டான். நல்ல மாதிரிதான் கேட்டான்.

“ஏதோ காதல் கதை ஒண்ணு படம் படமா எங்க சொந்தக்காரங்களுக்கும் வந்துச்சு. நீங்க எழுதினதுன்னு சொன்னாங்க.”

“அதெல்லாம் புரளி,” என்று ராஜபாண்டி முந்திக்கொண்டான். “நானே போய் விசாரிச்சுட்டேன்.”

“புரளி இல்ல,” என்றாள் நாகஜோதி. “நாந்தேன் எழுதுனேன்.”

யாரோ டம்ளரைக் கீழே வைத்தார்கள். அந்தச் சத்தம் கூடம் முழுவதும் கேட்டது. ராஜபாண்டி அவளை முறைத்தான். அவள் அண்ணனைப் பார்க்கவில்லை. நேராக உட்கார்ந்திருந்தாள்.

“முல்லைச்சாரல்னு பேரு வச்சு எழுதுறேன். அதுல வர்ற ஒவ்வொரு வரியும் என்னோடது.”

ஆதித்தன் கொஞ்சம் யோசித்தான். “பரவாயில்லங்க. கல்யாணத்துக்கு அப்புறம் விட்டுருவீங்கள்ல?”

“விட மாட்டேன்.”

“அவ்வளவு முக்கியமா?”

“ஆமா. அதை விடச் சொல்லாத ஆளாத்தேன் நான் பாக்கணும்.”

மரியாதை குறையாமல் எழுந்து போனார்கள். கார் தெரு முனை திரும்பும்வரை ராஜபாண்டி வாசலிலேயே நின்றான். உள்ளே வந்தவன் கத்தினான். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோப்புக்குப் போய்விட்டார். கத்தியதைவிட அதுதான் வலித்தது. வலித்தால் வலிக்கட்டும்.

அன்று மதியமே உட்கார்ந்தாள். புத்தகக் கோப்பைத் திறந்து முல்லைச்சாரல் என்ற பெயரை எடுத்தாள். ‘நாகஜோதி, கோம்பை’ என்று ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வைத்தாள். படமாக மாற்றினாள். சக்கரம் சுற்றி முடிந்தது. பக்கங்கள் வரிசையாக வந்து விழுந்தன… எந்த எழுத்தும் உடையவில்லை, எந்த வரியும் விடுபடவில்லை, அடியில் அவள் பெயர். உறவுக்காரர்களின் குழுவில் முதல் அத்தியாயத்தைப் போட்டாள். தன் ஸ்டேட்டஸிலும் வைத்தாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் துணி மடிக்கப் போனாள்.

சாயங்காலம் அம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள்.

“ஏன்த்தா… அந்தப் புள்ள அவன்கூடப் போகுதா, இல்லையா?”

“எந்தப் புள்ள?”

“ஒங்கதைப் புள்ளதேன். மிச்சப் பக்கத்தையும் அனுப்பு. பாதியில நிக்குது.”

நாகஜோதி அம்மாவின் முதுகைப் பார்த்தபடியே நின்றாள். அன்றைக்கு முதல்முறையாகக் கண் கலங்கியது.

*

மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்ததும் கோம்பைப் பேருந்தில் அவள் ஏறவில்லை. கம்பம்மெட்டு மலைச்சாலை இறங்கிவந்து சேரும் அடிவாரத்துக்கு ஆட்டோ பிடித்துப் போனாள். மலை முழுக்க மேகம் மூடியிருந்தது. அதற்குள்ளிருந்து ஜீப்புகள் ஒவ்வொன்றாக இறங்கின. அவன் ஜீப் வந்ததும் சாலையோரத்திலிருந்து முன்னால் வந்து கையைக் காட்டினாள்.

சூரியபிரகாஷ் நிறுத்தி இறங்கினான். சவரம் செய்யாத முகம். அவளை நேராகப் பார்க்க முடியாமல் நின்றான். ஜீப்பிலிருந்து அத்தனை தலைகளும் எட்டிப் பார்த்தன. சோணையம்மாள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

“ஸ்டேட்டஸ் பாத்தேன்,” என்றான். “ஒவ்வொரு பக்கத்துலயும் பேரு…”

“நேத்து மாப்பிள்ளை வீட்டுக்காரவுக முன்னாடியும் சொல்லிட்டேன். போயிட்டாக.”

“என்னாலதேன்…”

“ஒங்களால இல்ல. நான் சொன்னதால. அந்தப் பெருமையை ஒங்களுக்குத் தர மாட்டேன்.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். “மன்னிச்சிருங்க. பயந்துட்டேன். எனக்காக இல்ல… ஒங்களுக்காக.”

“எனக்குப் பயமா இருக்குன்னு ஒங்ககிட்ட வந்து சொன்னேனா? எனக்காக நீங்க பொய் சொல்ல வேண்டாம். பக்கத்துல நின்னாப் போதும். அதுகூட நான் கேட்டாத்தேன்.”

“சரி.”

“எங்கண்ணன்கிட்ட நான் எழுதலைன்னு சொன்னீங்க. அது ஒரு பொய். வேற என்ன சொன்னீங்க?”

அவன் நிமிர்ந்தான். அந்தக் கண்கள்… வளைவுகளுக்குப் பழகியவை, இப்போது எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றன.

“ஒங்களுக்கும் எனக்கும் நடுவுல ஒண்ணும் இல்லைன்னு சொன்னேன்.”

“அது?”

ஞானசெல்வி ஜீப்பிலிருந்து இன்னும் வெளியே எட்டினாள்.

“அதுவும் பொய்தேன்,” என்றான்.

“அப்ப உண்மையைச் சொல்லுங்க.”

“இங்கனயா? எல்லாரும்…”

“எல்லாரும் கேக்கட்டும்.”

அவன் ஒருமுறை அம்மாவைப் பார்த்தான். சோணையம்மாள், ‘சொல்லுலே’ என்று தலையை ஆட்டினார். பிறகு அவன் அவளை மட்டும் பார்த்தான்.

“எனக்கு ஒங்களப் பிடிச்சிருக்கு. அந்தக் கடையில அம்மா படிக்கிறப்ப, பொறுக்க முடியாம ஒரு வரியச் சொன்னீங்களே… அப்பருந்தே. ஒங்கதைய அழிச்சப்ப என் கையே என்னோடது மாதிரி இல்ல. இனிமே எவன் வந்து கேட்டாலும், எழுதுனது நாகஜோதின்னும் சொல்லுவேன், எனக்கு அவுகளப் பிடிக்கும்னும் சொல்லுவேன்.”

அவள் இன்னும் ஓரடி முன்னால் வந்தாள்.

“எவனோ எதுக்கு வரணும்?” என்றாள். “எங்கண்ணன்கிட்டத்தான பொய் சொன்னீங்க. அவருகிட்டயே வந்து சொல்லுங்க. இப்பவே.”

அவன் ஜீப்பைச் சுற்றி வந்து முன்பக்கக் கதவைத் திறந்து பிடித்தான். “ஏறுங்க.”

பின்னால் திரும்பி, “எல்லாரும் எறங்கிக்கங்க, வேற ஜீப்பு வரும்,” என்றான்.

“நாங்க எதுக்கு எறங்கணும்?” என்றாள் ஞானசெல்வி. “போட்டோ போட்டு மாட்டிவிட்டவ நான். நானும் வாரேன்.” யாரும் இறங்கவில்லை.

*

கோம்பையில் அவள் வீட்டு இரும்புக் கேட்டின் ஒரு கதவு மட்டும் திறந்திருந்தது. ஜீப் வந்து நின்ற சத்தம் கேட்டு ராஜபாண்டி வெளியே வந்தான். முன்னிருக்கையில் தங்கையைப் பார்த்ததும் முகம் சிவந்தது.

“ஏலே… ஒன்னை அன்னைக்கே…”

“அண்ணே.” நாகஜோதி இறங்கி அவன் முன்னால் நின்றாள். “அவரு ஒண்ணு சொல்ல வந்திருக்காரு. சொல்லி முடிக்கட்டும். பெறகு பேசு.”

அப்பா சுருளிவேல் வாசலுக்கு வந்தார். அவருக்குப் பின்னால் அம்மா, கையில் போனோடு.

சூரியபிரகாஷ் அப்பாவுக்குக் கைகூப்பினான். பேச்சு முதலில் தடுமாறியது, பிறகு தெளிந்தது.

“அன்னைக்கு ஒங்க மகன்கிட்ட நான் ரெண்டு பொய் சொன்னேன்ங்க. கதையை இவுக எழுதலைன்னேன். இவுகதேன் எழுதுனாக. எங்களுக்கு நடுவுல ஒண்ணும் இல்லைன்னேன். எனக்கு இவுகளப் பிடிக்கும். கட்டிக்கிறதா இருந்தா இவுகளைத்தேன். இவுக எழுதுறதை ஒருநாளும் நிறுத்தச் சொல்ல மாட்டேன்.”

ராஜபாண்டி ஒரு அடி முன்னால் வந்தான். அப்பா கையை நீட்டித் தடுத்தார். மகளைப் பார்த்தார்.

“நீ என்னத்தா சொல்ற?”

அவள் சூரியபிரகாஷுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். யாரும் சொல்லித் தரவில்லை, யாரும் அழைக்கவில்லை.

“எனக்கும் இவரைப் பிடிச்சிருக்குப்பா. இதையும் மறைச்சு வைக்க என்னால முடியாது.”

“யோசிச்சுத்தேன் சொல்றியா?”

“யோசிச்சுத்தேன்ப்பா.”

ஜீப்பிலிருந்த பெண்களை அவர் ஒருமுறை பார்த்தார். தோட்டத்து ஈரமும் களைப்பும் மாறாத முகங்கள். அத்தனை பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். படி இறங்கி வந்தார். சாத்தியிருந்த இன்னொரு கதவின் தாழ்ப்பாளை நீக்கினார். துருவேறிக் கிடந்ததால் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. பிறகு அதை அகலத் தள்ளினார்.

“வண்டியை உள்ள கொண்டாந்து நிப்பாட்டுங்க தம்பி,” என்றார். “பொம்பளைக எம்புட்டு நேரம் தெருவுல ஒக்காந்திருப்பாக.”